காவல் பெட்டியின் சாவி

அந்த அட்டை ஆலையில் முதலாளியிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் பூட்டக்காதான். கட்டுப்பாட்டு அறைக் கணினி ஒன்றில் யாரோ கைபேசியைச் செருகி சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்துவிட்டாள். சாயங்காலத்துக்குள் அந்த அறையில் இருந்த கணினிகளின் பென் டிரைவ் ஓட்டைகளையெல்லாம் பசை ஊற்றி அடைத்துவிட்டாள். அன்று வந்த பெயர். வைத்த புண்ணியவான் யாரென்று தெரிந்திருந்தால் அவனையும் ஒரு பிடி பிடித்திருப்பாள்.

அவள் வேலை என்னவென்று அவள் கணவருக்கே சரியாகச் சொல்ல வராது. கேட்பவர்களிடம், "கம்ப்யூட்டருக்கு ஏதோ காவல் காக்கிறா" என்று சொல்லிச் சமாளிப்பார். உண்மையில் அது ஒன்றும் புரியாத வித்தை இல்லை. கூழ் கரைக்கிற தொட்டி, அட்டை உலர்த்துகிற உருளைகள், அவற்றுக்கு நீராவி கொடுக்கிற பாய்லர் எல்லாமே இப்போது கணினி சொன்னபடிதான் ஓடுகின்றன. அந்தக் கணினிகள் கம்பி வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அந்தப் பேச்சுக்குள் வெளியாள் எவனாவது புகுந்துவிட்டால், எங்கோ நாற்காலியில் உட்கார்ந்தபடியே இங்கே ஒரு பம்பை நிறுத்திவிடலாம். அப்படி ஈ எறும்பு நுழையாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. முதலில் அலுவலகக் கணினிகளைப் பழுது பார்க்கத்தான் வந்தாள். இந்த வேலையைக் கேட்டு வாங்கவில்லை. வேறு யாரும் ஏற்கவில்லை, அதனால் தலையில் வந்து விழுந்தது. விழுந்ததை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. குறையெல்லாம் வாயில்தான். ஆலை முழுக்கப் பூட்டுப் போட்டவள் தன் வாய்க்கு மட்டும் போடவில்லை. ஒரு மேற்பார்வையாளர் தன் கடவுச்சொல்லைத் துண்டுத்தாளில் எழுதித் திரையோரம் ஒட்டியிருந்தார். அவள் அதைப் பிய்த்துக்கொண்டுபோய் கேன்டீன் பலகையில் ஒட்டினாள். அது அவர் மகளின் செல்லப்பெயர். ரொம்ப நாளைக்கு ஆலையே அவரை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பது அவள் கட்சி. ஆனால் அவள் அணைத்ததை ஆலையில் யாரும் பார்த்ததில்லை.

அவளிடம் அதிகம் வாங்கிக்கட்டிக்கொண்டவன் அவளுடைய சொந்தத் தம்பி. பாய்லர் பகுதிக்கு அவன்தான் பொறுப்பாளன். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போன வீட்டில் அவனைக் குளிப்பாட்டி, தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள் அவள். இப்போது அவனுக்கே காதோரம் நரைத்து, இரண்டு பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். ஆனாலும் அவன் ஆட்களை வைத்துக்கொண்டே அவனை நாறடிப்பாள். மற்றவர்களுக்கு ஒரு திட்டு என்றால் அவனுக்கு இரண்டு. தம்பிக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா என்று எவரும் கேட்டுவிடக் கூடாதாம். அவனும் தலையைச் சொறிந்துகொண்டு, "சரிக்கா, சரிக்கா" என்று கேட்டுக்கொள்வான். அவனுக்கு வலிக்கும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

பாய்லர் அறைச் சுவரில் இரும்பு அலமாரிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. காவல் பெட்டி என்பார்கள். மற்றக் கணினிகள் பாய்லரை ஓட்டும். இதற்கு ஓட்டுகிற வேலை கிடையாது. பாய்லரில் தண்ணீர் குறைந்தாலோ அழுத்தம் ஏறினாலோ யாரையும் கேட்காமல் நெருப்பை அணைத்துவிடும், அவ்வளவுதான். அதன் முகத்தில் ஒரு சாவித் துவாரம். சாவியை 'ரன்' பக்கம் திருப்பி உருவிவிட்டால், அந்தப் பெட்டிக்குள் இருக்கிற கட்டளையை எந்தக் கொம்பனாலும் கம்பி வழியாக மாற்ற முடியாது. 'புரோகிராம்' பக்கம் திருப்பி வைத்தால் மாற்றலாம். எவன் வேண்டுமானாலும் மாற்றலாம்.

அதனால் அந்தச் சாவியை அவள் தன் அறை அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். இன்னொரு சாவி பாய்லர் அறையிலேயே, முன்பக்கம் கண்ணாடி போட்ட சின்னப் பெட்டிக்குள் தொங்கியது. ஆபத்து என்றால் மட்டும் கண்ணாடியை உடைத்து எடுக்க வேண்டும். உடைத்தால் ஏன் உடைத்தாய் என்று அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஆபத்தே தேவலை என்று பாய்லர்காரர்கள் பேசிக்கொள்வார்கள்.

மழை வந்தால் அவர்களுக்குத் தொல்லை. பாய்லருக்கு எரிக்கிற மரத்துண்டுகள் ஈரமாக வரும். நெருப்பு தடுமாறும். காவல் பெட்டி அதைக் கோளாறு என்று நினைத்து அடிக்கடி அணைத்துவிடும். பெட்டிக்குள் ஒரு சின்னத் திருத்தம் செய்தால் சரியாகிவிடும். ஆனால் அதற்குச் சாவி வேண்டும். சாவிக்கு அவள் அறைக்குப் போக வேண்டும். "போன வாரம்தானே வாங்கிட்டுப் போனே? ஈர விறகுன்னா மூடி வைக்கத் தெரியாதா? எல்லாத்துக்கும் இந்தப் பெட்டிதான் கிடைச்சுதா உங்களுக்கு?" என்று தொடங்கி அவள் முடிப்பதற்குள், அங்கே அட்டை உலராமல் கிழிந்து இயந்திரமே நின்றுவிடும்.

பாய்லர்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கண்ணாடிப் பெட்டியின் முதுகில் இருந்த திருகாணிகளைக் கழற்றி, கண்ணாடி உடையாமல் சாவியை எடுத்துவிட்டார்கள். அதன் இடத்தில் ஏதோ பழைய மேசை இழுப்பறையின் சாவியைத் தொங்கவிட்டார்கள். அவள் ஒவ்வொரு வாரமும் வந்து கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். சாவி தொங்கும். சரி என்று போய்விடுவாள். எடுத்த சாவி காவல் பெட்டியிலேயே, புரோகிராம் பக்கம் திரும்பியபடி, மழைக்காலம் முழுக்க இருந்தது. அலமாரிக் கதவைத் திறந்து பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. தன் பூட்டின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. இந்த ஏற்பாட்டைத் தொடங்கியது தம்பி.

அன்று காலை வழக்கம்போல அவள் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த இயந்திரம் எதனோடு பேசுகிறது என்று அதில் கோடு கோடாகத் தெரியும். அந்தக் கோடுகள் அவளுக்கு வீட்டுச் சந்துகள் மாதிரி பழக்கம். இன்று பழக்கமில்லாத ஒரு கோடு இருந்தது. மேலாளர் தன் கைபேசியில் உற்பத்திக் கணக்கைப் பார்ப்பதற்காக அலுவலகத்துக்கும் ஆலைக்கும் நடுவில் ஒரு கணினி வைத்திருந்தார்கள். "வீட்டுக்குப் பின்வாசல் வைக்காதீங்க சார்" என்று அவள் தலையால் அடித்துக்கொண்டும் கேட்காமல் வைத்தது. எண்ணிக்கை காட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாத அந்தக் கணினி இப்போது காவல் பெட்டியோடு பேசிக்கொண்டிருந்தது.

உடனே பாய்லர் அறைக்குப் போன் போட்டாள். தம்பிதான் எடுத்தான்.

"காவல் பெட்டி எதுல இருக்கு?"

"ஏன்கா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுடா. ரன்லயா, புரோகிராம்லயா?"

தம்பி இரும்பு அலமாரியைத் திரும்பிப் பார்த்தான்.

"ரன்லதான்கா இருக்கு. சாவிதான் உன்கிட்ட இருக்கே."

அவளுக்கு உயிர் வந்தது. ரன்னில் இருந்தால் எவன் வேண்டுமானாலும் கதவைத் தட்டிக்கொண்டு கிடக்கட்டும், உள்ளே வர முடியாது. இனி அந்த நடுக்கணினியின் கம்பியைப் பிடுங்கினால் போதும். ஆனால் அதற்கு மேலாளரின் அனுமதி வேண்டும். ஒருமுறை இப்படித்தான் ஒரு கோட்டைப் பார்த்துப் பதறி, ஆலை முழுக்க நிறுத்திவிட்டாள். கடைசியில் அது இயந்திரக் கம்பெனிக்காரர் முறையாகச் செய்துகொண்டிருந்த வேலை. புலி வருது, புலி வருது என்று கேன்டீனில் அவளைப் பார்த்து இளித்தார்கள். அன்றிலிருந்து அவர் சொல்லாமல் எதையும் பிடுங்கக் கூடாது என்று உத்தரவு. மேலாளர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். அவள் வெளியே நின்றாள். பொறுமை இல்லாதவள் அன்றைக்குப் பார்த்துப் பொறுமையாக நின்றாள்.

நின்று பார்த்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பியவள், பாய்லரின் நீர்மட்டத்தைக் காட்டும் வரைபடத்தைத் திறந்தாள். பாய்லர் தண்ணீர் கொதிக்கிற தண்ணீர். அதன் மட்டம் எப்போதும் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், நடுங்கிக்கொண்டே இருக்கும். திரையில் அது அடிகோல் வைத்துக் கிழித்த மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. மறுபடி போன் செய்தாள்.

"தண்ணி மட்டம் எவ்வளவு காட்டுது?"

"பாதிக்கு மேல இருக்கு. நல்லாத்தான் இருக்குக்கா."

"அசையுதா?"

"என்னது அசையுதா?"

"டேய், அசையுதாடா?"

"இல்லக்கா." அவன் குரல் மாறிவிட்டது. "அக்கா, அசையல."

போனை வைக்காமலே அவன் ஓடுகிற சத்தம் கேட்டது. இவள் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்காமல் நடுக்கணினியின் கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, முற்றத்தைக் கடந்து பாய்லர் அறைக்கு ஓடினாள். அங்கே தம்பி பாய்லர் மேல் இருக்கிற கண்ணாடிக் குழாயைப் பார்த்துவிட்டு இறங்கியிருந்தான். தண்ணீர் மட்டத்தை நேராகக் காட்டுகிற குழாய் அது. அதில் தண்ணீரே இல்லை. பாய்லருக்குத் தண்ணீர் விடும் பம்பு எப்போதோ நின்றிருக்கிறது. திரை பழைய அளவையே திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறது. உள்ளே நுழைந்தவன் கட்டளையை மாற்றிவிட்டதால், அணைக்க வேண்டிய காவல் பெட்டி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறது. தம்பி சிவப்புப் பொத்தானைக் கையால் அடித்து நெருப்பை நிறுத்தினான். ஒருத்தன் பம்பைப் போட ஓடியபோது சட்டையைப் பிடித்து இழுத்தான். "தண்ணி விடாதே! காய்ஞ்ச பாய்லர்ல தண்ணி விட்டா வெடிக்கும். எல்லாரும் வெளிய போங்க, வெளிய!" என்று கத்தினான்.

எல்லோரும் வாசலுக்கு ஓட, அவள் மட்டும் உள்ளே பார்த்தாள். யாரோ இரும்பு அலமாரியைத் திறந்து போட்டிருந்தார்கள். காவல் பெட்டியில் சாவி இருந்தது. புரோகிராம் பக்கம் திரும்பி இருந்தது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே அவள் கை போய் அதை ரன் பக்கம் திருப்பி, உருவி, பைக்குள் போட்டுக்கொண்டது. பழக்க தோஷம். அதனால் இனி ஒரு பயனும் இல்லை.

வெளியே வந்து ஆட்களைப் பார்த்த தம்பி, "சாம்பல் அள்றவர் எங்க?" என்று கேட்டான். அவர் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு பாய்லரின் பின்பக்கம் வேலை செய்கிறவர். கத்தியது கேட்டிருக்காது. தம்பி திரும்ப உள்ளே போனான். "போகாதடா" என்று அவள் அலறினாள். அவள் சொல்லைத் தம்பி முகத்துக்கு நேராக மீறியது அன்றுதான். அவன் அந்த மனிதரை இழுத்துக்கொண்டு வாசலை நெருங்கும்போது ஒரு குழாய் வெடித்தது. வெள்ளையாக நீராவி பாய்ந்து கதவை மறைத்துவிட்டது. இரண்டு பேரும் உயிரோடு வந்தார்கள். சாம்பல் அள்ளுகிறவருக்கு முதுகு முழுக்க வெந்துவிட்டது. தம்பிக்கு முழங்கை வரை இரண்டு கையும்.

மருத்துவமனையில் தம்பியின் கட்டில் அருகே அவள் உட்கார்ந்திருந்தாள். பைக்குள் சாவி இருந்தது. அவன் அதைப் பற்றிப் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று மட்டும் கேட்டு, தூக்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். பக்கத்துத் தடுப்புக்குள் சாம்பல் அள்ளுகிறவர் முனகிக்கொண்டே இருந்தார்.

நடைவழியில் தம்பியின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அவர் என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டார். பாய்லர் ஆளுங்க யாரும் வாய் திறக்க மாட்டாங்க. நீங்க சொன்னாதான் வெளிய வரும். அவர் வேலை போச்சுன்னா இந்தக் கையை வெச்சுக்கிட்டு வேற எங்க போவார்?"

"ம்."

"வெறும் 'ம்' போதாது அண்ணி. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

அவளால் அப்படிச் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் ஆலையில் அதற்குள் ஒரு பலியாடு கிடைத்துவிட்டது. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிற சாதுவான மனிதர் ஒருவர், சரக்கு ரசீது என்று வந்த மெயிலைத் திறந்திருக்கிறார். வெளியாள் அதன் வழியாக நுழைந்து, மேலாளரின் பின்வாசல் கணினிக்கு வந்து, அங்கிருந்து பாய்லருக்கு வந்திருக்கிறான். எல்லாம் அந்த மெயிலால்தான் என்று முடித்து, இனி வர வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். சாவி விஷயம் வெளிவராவிட்டால் சாம்பல் அள்ளுகிறவரின் முதுகுக்கும் அவர் ஒருவரே பொறுப்பு. இதே பெட்டியை வைத்து ஓட்டுகிற மற்ற ஆலைகளில் எத்தனை பேர் இப்படிச் சாவியைத் திருப்பி வைத்திருக்கிறார்களோ, அவர்களிடமும் யாரும் சொல்லப்போவதில்லை. அதற்காகத் தம்பியைக் காட்டிக்கொடுக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

விசாரணைக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். குரலை உயர்த்தவே தெரியாதவர். ஆலையின் கூட்ட அறையில் மேலாளர், பாய்லர்காரர்கள், கையில் கட்டோடு தம்பி, விசாரணைக்கென்று வரச்சொல்லிச் சுவரோரமாக உட்கார வைத்த கணக்குப் பிரிவுக்காரர் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் மெயில் கதையை விலாவாரியாகச் சொல்லி முடித்தார்.

"அந்தக் காவல் பெட்டி எதுல இருந்துச்சு?" என்று அதிகாரி கேட்டார்.

பாய்லர்காரர்கள் மேசையைப் பார்த்தார்கள். பூட்டக்கா பையிலிருந்து சாவியை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"புரோகிராம்ல இருந்துச்சு. நான்தான் திருப்பி எடுத்தேன். இது பாய்லர் அறைச் சாவி. கண்ணாடிப் பெட்டியில தொங்குறது வேற ஏதோ சாவி."

மேலாளர் வாயைப் பிளந்தார். யார் வைத்தது என்று அதிகாரி கேட்பதற்குள்ளேயே தம்பி எழுந்துவிட்டான்.

"நான்தாங்க. மத்தவங்க மேல தப்பில்ல. நான் சொல்லித்தான் செஞ்சாங்க."

"இனிமே நீ பாய்லர் பக்கமே வர வேண்டாம்" என்றார் மேலாளர். தம்பி அதற்குத் தலையாட்டினான். எதிர்பார்த்து வந்தவன் மாதிரி இருந்தான்.

அதிகாரி கையை உயர்த்தி மேலாளரை நிறுத்தினார். "அது இருக்கட்டும். அன்னைக்குக் காலையில உங்க அக்கா போன் பண்ணி எதுல இருக்குன்னு கேட்டாங்க, நீங்க ரன்னுன்னு சொன்னீங்கன்னு எழுதிக்கொடுத்திருக்காங்க இல்லையா? அப்பவே புரோகிராம்னு சொல்லியிருந்தா உடனே நிறுத்தியிருப்பாங்க. குழாய் வெடிச்சிருக்காது. ஏன் ரன்னுன்னு சொன்னீங்க?"

தம்பி அக்காவைப் பார்த்தான். பிறகு தன் கட்டுகளைப் பார்த்தான். நரைத்த தலையோடு, தன் ஆட்கள் அத்தனை பேர் முன்னால், மெதுவாகச் சொன்னான்.

"அக்கா திட்டும்னு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அதிகாரி பாய்லர்காரர்களைப் பார்த்து, உங்களில் யாராவது இந்தம்மாவிடம் தானாகப் போய் ஒரு தப்பைச் சொன்னதுண்டா என்று கேட்டார். ஒருத்தர் கடவுச்சொல் கதையை நினைத்தாரோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு கையும் உயரவில்லை.

அப்போது சுவரோரம் இருந்த கணக்குப் பிரிவுக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"அக்கா, அந்த மெயிலைத் திறந்த அன்னைக்கே ஏதோ தப்பாயிடுச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது. திரை ஒரு மாதிரி ஆச்சு. உங்ககிட்ட சொல்லிடலாம்னு உங்க ரூம் வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க உள்ள யாரையோ திட்டிக்கிட்டு இருந்தீங்க. அப்படியே திரும்பிப் போயிட்டேன்."

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பதிலுக்கு நல்லவிதமாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று மனதாரத்தான் வாயைத் திறந்தாள்.

"உள்ள வந்து சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதானே!"

கணக்குப் பிரிவுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, "சரிக்கா" என்றார்.